வீட்டு முற்றத்தில் கார் இன்ஜினை இறக்கலாமா?



இன்றைக்கு அரசியலும் இல்லை, மூட்டுவலிக்குப் பாட்டி வைத்தியமும் இல்லை. ஒரு கார் இன்ஜினைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன புதன்கிழமை ராத்திரி ஒரு போன். 1992-ல் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். இப்போது மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். "சார், பையன் பைத்தியம் புடிச்ச மாதிரி பண்றான். பழைய கார் ஒண்ண வாங்கியாந்து, ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்லயே இன்ஜின இறக்கப் போறேன்றான். நீங்க சொன்னா கேட்பான். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

பையன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வாங்கியிருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வெள்ளத்தில் புதுச்சேரிப் பக்கம் ஒரு ஷெட்டில் இரண்டு நாள் முங்கிக் கிடந்த கார் இது. சொந்தக்காரர் பழைய இரும்புக்குப் போடவிருந்தார். இவன் காசு கொடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிண்டல் தாங்கவில்லையாம். "காயலான் கடைக்குப் போறத வீட்டுக்குக் கொண்டாந்திருக்கான்" என்று ஒரு பெரியப்பா. "ஸ்போர்ட்ஸ் காரு ஓட்டப் போறாராம் தொரை" என்று ஒரு மாமா.

அந்த மாமாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கிண்டலாகச் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. ஹெரால்டு 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர்ப் பகுதியில் தயாரான கார். இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனியின் வடிவமைப்பு, உடலை வரைந்தவர் இத்தாலிக்காரரான மிகலோட்டி. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் உடலைப் பொருத்தித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. நம் ஊர் ஹெரால்டில் 948 சி.சி. இன்ஜின். ஸ்பிட்ஃபயரில் இருந்தது அதே குடும்பத்தில் பிறந்த 1147 சி.சி. இன்ஜின். ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் வெள்ளைக்காரன் தன் வீட்டுக் கொட்டகையில் எப்படி இன்ஜினை இறக்குகிறானோ, அதே வேலைதான் இவனுக்கும்.

வியாழக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். அவன் அப்பாவுக்கு நான் சொன்ன பதில்: "இறக்கட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை இறக்க வேணாம்." இரண்டு பாதிக்கும் காரணம் இருக்கிறது.

போனவுடன் பையனிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "ஏம்பா இறக்கணும்?" ஆசைக்காக இறக்குகிறேன் என்றிருந்தால் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இன்ஜினைக் கழற்றுவது பெரிய வேலை. தேவையில்லாமல் கழற்றுகிறவர்கள்தான் அதிகம். கிளட்ச் தேய்ந்துபோனால்கூட ஹெரால்டில் இன்ஜினைத் தொட வேண்டாம். காருக்குள் முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ள மூடியைக் கழற்றினால் கியர் பாக்ஸை உள்பக்கமாகவே எடுத்துவிடலாம்.

பையன் நோட்டை எடுத்துக் காட்டினான். எழுதியிருப்பவள் அவன் தங்கை, பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. (அவள் அப்பாவின் கையெழுத்து அப்படி இருந்ததில்லை.) சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பாதி நிம்மதி. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டரை இழுத்தால், காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். வெள்ளத்தில் நின்ற எந்த வண்டிக்கும், உங்கள் புது வண்டிக்கும் இது பொருந்தும். இவன் பேட்டரியைக் கழற்றியிருக்கிறான். அடியில் ஆயில் போல்ட்டைத் திறந்திருக்கிறான். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு மோர் மாதிரி வெளுத்த ஆயில் வந்தது. எண்ணெய் மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்திருக்கிறான். அசையவில்லை. கடைசியில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு சிலிண்டரில் சுவரெல்லாம் துரு. பிஸ்டன் ரிங் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். அது லேத் பட்டறை மிஷினில்தான் முடியும். வீட்டில் உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பதெல்லாம் ஏமாற்று வேலை. பிளாக் பட்டறைக்குப் போக வேண்டுமென்றால் இன்ஜின் வெளியே வந்தே ஆக வேண்டும். காரணம் சரி. படிப்படியாக யோசித்து, எல்லாம் பார்த்த பிறகு கடைசியாகத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறான். இதைப் பைத்தியம் என்று சொன்னால் எந்த டாக்டரும் தப்ப முடியாது.

இப்போது என் கதை. இதை எழுதாமல் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

வேலையில் இருந்தவரை ஆண்டுதோறும் வகுப்பில் ஜி.டி. நாயுடு கதையைச் சொல்வேன். உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர் சுற்றப் போகவில்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி பூட்டினார். பிறகு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்ட ஆரம்பித்தார். 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார்களில் ஒன்று அவர் சம்பந்தப்பட்ட இடத்திலிருந்து வந்தது. பொறியியலுக்கு நான்கு வருஷம் வீண், இரண்டு வருஷம் போதும் என்று சண்டை போட்டவர். அதை நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மோட்டார் சைக்கிளைப் பிரித்த கதையைச் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறியும்.

அதே 1992-ல் ஒருநாள் பள்ளிக்கூடத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மதிய இடைவேளையில் ஒரு பையன் அதைத் திறந்து, போல்ட்டுகளைத் தன் டிபன் பாக்ஸ் மூடியில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு வந்த கோபத்தில் பிரம்பால் அடித்து, கடைசி மணி வரை வெயிலில் முட்டி போட வைத்தேன். அடைத்திருந்தது ஒரு துணிக் கந்தல். அதை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டத்தான் போயிருந்தான் என்பது மறுநாள் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வாத்தியார் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அப்போது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை ராத்திரி போன் செய்தது அந்தப் பையன்தான்.

அன்றைக்கு ஏன் அப்படி அடித்தேன் என்று இந்த நான்கு நாளாக யோசிக்கிறேன். பள்ளிக்கூடச் சொத்து என்ற பயம் கொஞ்சம். அதைவிட வேறொன்று. 1979-ல் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, உப்பளத்து ஆயில் இன்ஜினைத் தூக்கும்போது வலது கையில் இரண்டு விரலை இழந்தார். அந்தக் காலத்தில் மழை தொடங்குவதற்கு முன்னால் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜினைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மூன்று சவுக்குக் கழியை உச்சியில் கட்டி, கயிற்றில் இன்ஜினைத் தொங்கவிட்டு மாட்டுவண்டியைப் பின்னால் தள்ளுவார்கள். பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷம் ஒரு கழியின் கால் ஈரக் களிமண்ணில் இறங்கிவிட்டது. இன்ஜின் சாய்ந்தது. அண்ணன் பழக்கதோஷத்தில் கையைக் கொடுத்துத் தாங்கப் பார்த்தார். அவ்வளவுதான். அப்புறம் அவர் உப்பு வாரப் போகவில்லை. திண்டிவனத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதி, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டு, காலத்தை ஓட்டினார்.

ஆகவே அந்த அப்பாவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அண்ணனின் விரலை எடுத்தது இன்ஜினைக் கழற்றிய அறிவு இல்லை. கழி நின்ற தரையை யாரும் பார்க்காததுதான். அன்றைக்கு அங்கே இருந்த யாராவது ஒருவர் கழியின் காலுக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டிருக்கலாம். நான் அங்கே இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

வேண்டாம் என்று தடுத்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பையன் கேட்க மாட்டான். அப்பா களத்துக்குப் போன நேரமாகப் பார்த்து, இரண்டு சிநேகிதர்களை வைத்துக்கொண்டு, வேப்பமரக் கிளையில் கயிற்றைப் போட்டு இழுப்பான். திருட்டுத்தனமாகச் செய்கிற வேலையில் அவசரம் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்து, பகலில், நாலு பெரியவர்கள் நிற்க நடந்தால் ஆபத்து பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றதற்குக் காரணம், அவன் வைத்திருந்த ஏற்பாடு. சவுக்குக் கழி, கயிறு, முற்றத்து மணல். நான் பார்த்த அதே படம். அந்த இன்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு, நூறு கிலோவுக்கு மேல் வரும். கயிறு வேண்டாம். ஒரு டன் தாங்கும் செயின் பிளாக் வாடகைக்குக் கிடைக்கும். கழிக்குப் பதில் இரும்புக் குழாய் முக்காலி; அதன் மூன்று காலும் விலகாதபடி கீழே சங்கிலியால் பிணைப்பு; ஒவ்வொரு காலுக்கு அடியிலும் அகலமான பலகை. இன்ஜின் தொங்கும்போது அதன் கீழே யாருடைய கையும் காலும் போகக் கூடாது. சாய்ந்தால் விழட்டும், தாங்கப் போகாதே. இரும்பு போனால் இரும்பு. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுப்பதும், ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதும் கூடவே கூடாது. அந்தக் கல் எச்சரிக்கை கொடுக்காமல் நொறுங்கும்.

ஹெரால்டில் ஒரு வசதி. பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். முழுசாகக் கழற்றியும் வைத்துவிடலாம். அப்புறம் இன்ஜின் திறந்த வெளியில் நிற்கும், சுற்றி நின்று வேலை செய்யலாம். இப்போது வரும் கார்களில் கையை நுழைக்கவே இடமில்லை.

ஸ்பானர் விஷயத்திலும் பையனைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருந்தது. அந்தக் காரின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதற்கு 13 நம்பர் ஸ்பானரைப் போட்டால் போவது போலவே இருக்கும். துருப்பிடித்த நட்டில் கொஞ்சம் அழுத்தினால் முனை மழுங்கி, அப்புறம் உளிதான். புதுச்சேரியில் பழைய இரும்புக் கடைகளில் அங்குல செட் தேடச் சொல்லியிருக்கிறேன்.

நம் ஊருக்கென்று ஒரு தனிக் கவலை உண்டு. வகுப்பில் கேட்பேனே, மழைக்காலத்தில் உப்புச் சாடி ஏன் ஈரமாகிறது என்று? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் கடற்கரையில் பெரும்பாலான ராத்திரிகளில் அதைவிட அதிகம். உப்பளக் காற்றில் வரும் உப்புத்தூள் இரும்பின்மேல் உட்கார்ந்தால், ராத்திரி முழுக்க ஈர உப்புத் துணியைப் போர்த்திய மாதிரி. சென்னையில் திறந்து வைத்த இன்ஜின் ஒரு மாதம் தாங்கினால், மரக்காணத்தில் ஒரு வாரத்தில் செம்மண் பூசியதாகிவிடும். கழற்றிய அன்றே துடைத்து, ஆயில் தடவி, பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்க வேண்டும். லேத்துக்காரர் தேதி கொடுத்த பிறகு இறக்கு, இறக்கிவிட்டுத் தேதி கேட்காதே என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளி வைத்ததற்கு இது இரண்டாவது காரணம்.

வெளியே வந்த பிறகு இன்னொன்றும் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்து இன்ஜின்களுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்ள அரைவட்டத் தகடு இரண்டு இருக்கும். அவை தேய்ந்து கழன்று விழுந்தால் கிராங்க்கே பிளாக்கை அரைத்துவிடும். விலை குறைந்த சாமான்தான். லேத்துச் செலவெல்லாம் செய்துவிட்டு இதை மாற்றாமல் விட்டால், மறுபடி இறக்க வேண்டி வரும்.

கழிவு ஆயிலை மண்ணில் ஊற்றக் கூடாது என்று தனியாகச் சொன்னேன். நம் வீட்டுத் தண்ணீர் வழிந்து போவது பக்கிங்காம் கால்வாய்க்கும் கழுவெளிக்கும். பறவைகள் வருகின்றன என்று 2021-ல்தான் கழுவெளியைச் சரணாலயமாக அறிவித்தார்கள்.

குழுவில் இன்னொரு கேள்வியும் வந்ததாம். "கம்பெனி சர்வீஸ் சென்டர் எதுக்கு இருக்கு?" நல்ல கேள்வி. சனி ஞாயிறு காலையில் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காது கிழியப் பறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்க்கிறீர்களே, அதில் ஒன்று அனுமந்தையில் நின்றுபோனால் அதன் சொந்தக்காரர் செய்யக்கூடியது கம்பெனிக்கு ஒரு போன், அவ்வளவுதான். கம்பெனியின் கம்ப்யூட்டர் இல்லாமல் கோளாறு என்னவென்றுகூடத் தெரியாது. இது தானாக வந்த நிலைமை இல்லை. உதிரிபாகத்தையும் பழுது பார்க்கும் விவரத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் இதற்காக மக்களிடம் ஓட்டே எடுத்தார்கள்; விவரத்தைக் கொடு என்று மக்கள் சொன்னார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. உரிமை காகிதத்தில் இருக்கிறது, சந்தோஷம். ஸ்பானரைப் பிடிக்கத் தெரிந்த கை இல்லாவிட்டால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம் உப்பளங்களில் ஆயில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய கைகளில் பாதி இன்றைக்கு இல்லை. மின்மோட்டார் வந்துவிட்டது. எரிந்தால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கோவையில் கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். 1980-களின் கடைசியில், சாதாரண மாருதி 800-இன் இன்ஜினைக் கழற்றி, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார்களில் பொருத்தினார். ஃபார்முலா மாருதி என்று பேர். நரேன் கார்த்திகேயன் பந்தயம் ஓட்டத் தொடங்கியது அதில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். நம் பையன் அங்கெல்லாம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு ஒரகடத்தில் வேலை இருக்கிறது, ஒழுங்காகப் போகிறான். காரும் கடைசிவரை ஓடாமலே போகலாம். லேத்துக்காரர் பிளாக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால் அதோடு முடிந்தது. அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். "தெரியும் சார்" என்றான்.

புறப்படும்போது அவன் அப்பா வாசல் வரை வந்தான். அந்தத் தண்ணீர் மோட்டார் விஷயத்தை எடுத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் தாமதம். "அதெல்லாம் நீங்க ஏன் சார் ஞாபகம் வெச்சிருக்கீங்க" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அந்த மோட்டார்ல ஒரு வாஷர் பாக்கி இருந்துச்சு சார். பயத்துல பாக்கெட்லயே போட்டுக்கிட்டுப் போயிட்டேன்" என்றான்.

லேத் பட்டறைக்காரர் அடுத்த மாதம் இரண்டாவது வாரம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய ஞாயிறு காலை ஏழு மணிக்கு இறக்குகிறோம். ஒரு டன் செயின் பிளாக், இரும்பு முக்காலி, அங்குல ஸ்பானர் செட் யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள். பட்டறை அனுபவம் உள்ள என் பழைய மாணவர்கள் இரண்டு பேராவது வந்து நின்றால் நல்லது. செருப்போடு வராதீர்கள், ஷூ போட்டு வாருங்கள். வேட்டி, லுங்கி, கழுத்தில் துண்டு எதுவும் வேண்டாம். பெட்ரோல் டேங்கைக் காலி செய்திருக்கிறோம். இருந்தாலும் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் தெருமுனைக்குப் போய்விட வேண்டும். கிண்டல் செய்த பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் தனியாகப் போன் செய்து அழைத்துவிட்டேன். டிபன் அந்த வீட்டில்தான்.